அவர்கள் வெட்டிய நாலு வரி

காலையில் கடைத்தெருப் பக்கமிருந்து ஒலிபெருக்கிச் சத்தம் வந்தது. விவசாயச் சங்க மாநாட்டுக்கு வேன் கிளம்புகிறதாம். போட்டிருந்தது உன் நடவுப் பாட்டுதானடி. சட்னி அரைப்பதை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு வந்தேன். "உழைக்கும் மக்கள் பாடிய பாடல்" என்று ஒருத்தன் முன்னுரை வேறு சொன்னான். மக்களாம். உன் பேரைச் சொல்லியிருந்தால் அவன் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்?

நீ அந்தப் பாட்டைக் கட்டியபோது சென்னையில் ஆட்சி மாறிய புதிது. இங்கே மிராசுதார் மாறவில்லை. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டதற்காக உன் புருஷனைத் திருச்சி ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள். அந்த வருஷம் சம்பா நடவில் நீ புதுப் பாட்டு எடுத்தாய். பாட்டில் முதலில் கூலி வந்தது, பிறகு போலீஸ், பிறகு ஜெயில். கடைசியில் யாரும் எதிர்பாராத நாலு வரி:

ஆளில்லா வீட்டுக்குள்ள
அழுதழுது ஓஞ்ச பின்னே
எம் பேர நாங் கூப்பிட்டேன்
யாரதுன்னு நாங் கேட்டேன்

ஒருத்தி பாடினால் மற்றவர்கள் திருப்பிப் பாடுவதுதானே நம் வழக்கம். ஆளில்லா வீடு என்று வரிசை முழுக்கச் சேர்ந்து பாடினோம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ திரும்பி முறைத்தாய். கரையேறியதும், "தனியா இருக்க பயமா இல்லையாடி?" என்று கேட்டேன்.

"மொதல்ல பயமாத்தான் இருந்துச்சு. அப்பறம் பாத்தா, எனக்குப் புடிச்ச கொழம்பு எதுன்னு இப்பத்தான்டி தெரியுது" என்றாய்.

திருவாரூர்ச் சங்கக் கூட்டத்தில் பாட உன்னைக் கூப்பிட்டார்கள். துணைக்கு நானும் வந்தேன். மேடைக்குப் பின்னால் செயலாளர் பாட்டைக் கேட்டுவிட்டு, "கடைசி நாலு வரி வேணாம்மா. தோழர் ஜெயில்ல கெடக்காரு. சம்சாரம் தன் பேர தானே கூப்புட்டுக்கிட்டு இருந்தா ஜனங்க என்ன நெனப்பாங்க?" என்றார்.

"அது இல்லாட்டி இந்தப் பாட்டு எனக்கு எதுக்குங்க?" என்றாய்.

வேறொரு பெண்ணைப் பாடவைத்தார்கள். நாலு வரி போயே போய்விட்டது. கைதட்டல் காதைப் பிளந்தது.

உன் புருஷன் வெளியே வந்தார். மாலை போட்டார்கள். நீ சாகிற வரைக்கும் அவருக்குப் பிடித்த குழம்பையே வைத்தாய். நடவில் அதற்குப் பிறகு நீ பாட்டு எடுத்ததே இல்லை. உன் சாவுக்கும் கொடியோடு வந்து அதே பாட்டைப் பாடினார்கள் பாவிகள், அந்த நாலு வரி இல்லாமல்.

இன்று என் வீட்டில் எல்லோரும் அந்த வேனில் ஏறிப் போய்விட்டார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த வீடு இப்படிக் காலியாக இருந்து நான் பார்த்ததில்லை. உன்மேல் எனக்கு எத்தனை பொறாமை தெரியுமா? பாடுபட்டாய், அழுதாய், சரி. ஆனாலும் உனக்கு உன்னோடு இருக்க ஒரு வீடு கொஞ்ச காலம் கிடைத்தது. கதவைச் சாத்திவிட்டு நடுவீட்டில் நின்று என் பேரைக் கூப்பிட்டேன்.

யாரதென்று கேட்க உள்ளே ஒருத்தியும் இல்லையடி. அவர்கள் திரும்பி வருவதற்குள் இன்னொரு தரம் கூப்பிட்டுப் பார்க்கிறேன்.