வேர்க்கடலை போடாத தட்டு

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. கேட்டால் நீ பதில் எழுதுவாய், அது நேராக வீட்டுக்கு வந்துவிடும். எழுதினால் பல் டாக்டரிடம் வேலை பார்க்கும் உன் சிநேகிதியிடமே கொடுத்துவிடு. உன் முகவரியைத் தந்தது அவர்தான். அதற்காக இல்லாத பல்வலியைச் சொல்லி அங்கே போனேன். டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி, நிஜமாகவே ஒரு சொத்தையைக் கண்டுபிடித்துவிட்டார்.

துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்து எழுதுகிறேன். எல்லோரும் தூங்கிவிட்டார்கள். அண்ணன் கூடத்தில் படுத்திருக்கிறான். அவன் புரண்டு படுத்தால் விளக்கை அணைத்துவிடுவேன். எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

முதலில் நல்ல செய்தி. அம்மா பரீட்சையில் தேறிவிட்டாள். மூன்று வருடப் படிப்பையும் முடித்துவிட்டாள். அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு பட்டம் வாங்குகிறாள். விண்ணப்பத்தை நிரப்பியது நீ, முதல் வருடம் சமையல் மேடையில் புத்தகத்தை வைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்தது நீ. அப்புறம் நீ போய்விட்டாய். மீதி இரண்டு வருடமும் அவள் தனியாகத்தான் படித்தாள். இந்தத் தாளின் பின்பக்கத்தைப் பார். அம்மா எழுதிப் பழகிய தாள். ஓரத்தில் சிவப்பு மையில் இருப்பது உன் எழுத்துதான்: "அம்மா, கேள்வியை முழுசாப் படி." அவள் ஒரு தாளைக்கூடத் தூக்கிப் போடவில்லை. ஒன்றே ஒன்றை மட்டும் திருடியிருக்கிறேன்.

அன்றைக்கு வெளியே சாப்பிடப் போவதாக முடிவு. எங்கே போவது என்பதில்தான் ஒரு வாரம் ரகளை. வீட்டிலேயே ஏதாவது செய்துவிடுகிறேன் என்றாள் அம்மா. "பட்டம் வாங்கினவங்க அன்னைக்கும் அடுப்படியிலதான் நிக்கணுமா? பேசாம இரும்மா" என்று அண்ணன் அடக்கிவிட்டான். அவனுக்கு ஒன்பதாவது மாடியில் புதிதாகத் திறந்திருக்கும் ஹோட்டலுக்குப் போக ஆசை. அப்பா விடுவாரா? "அந்த லிஃப்டை மாட்டினதே நான்தான். எட்டாவது மாடி வந்தா நின்னு யோசிக்கும்" என்றார். "அப்போ நீங்க ஒழுங்கா மாட்டலைன்னு அர்த்தம்" என்றான் அண்ணன். இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. அப்புறம் அப்பா ஒரு இடம் சொன்னார், அங்கே பாட்டுச் சத்தம் காதைக் கிழிக்கும் என்றான் அண்ணன். இன்னொன்றில் தட்டு பெரிசு, சாப்பாடு பொட்டு வைத்த மாதிரி இருக்கும் என்றார் அப்பா.

கடைசியில் அம்மா, "பரீட்சை எழுதின இடத்துக்கு எதிர்ல நீலக் கதவு போட்ட கடை ஒண்ணு இருக்கே, எனக்கு அது போதும்" என்றாள். அது ரொம்பச் சின்னக் கடை, எட்டு மேசைகூட இருக்காது. அதில் என்ன இருக்கிறது என்று அவர்கள் இரண்டு பேருக்கும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. முதல் பரீட்சை முடிந்ததும் நீ அம்மாவை அங்கேதானே கூட்டிப் போனாய். இரண்டு சூப், ஒரு ஐஸ்கிரீம், இரண்டு ஸ்பூன். அம்மா அதை எனக்குக் கதை மாதிரி சொல்லியிருக்கிறாள்.

இனிமேல்தான் விஷயம். மேசை சொல்லிவைக்க என்னைப் பேசச் சொன்னார் அப்பா. அவர் போனில் பேசினால் லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் பேசுவதுபோலக் கத்துவார், உனக்குத் தெரியும். எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டேன். எத்தனை பேர் என்று கடைக்காரர் கேட்டார். நான் அப்பாவைப் பார்த்தேன். நாலு பேர் என்றேன். நீ உன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்டு போன அன்றைக்கு அப்பா சொன்ன அதே நாலு. "இனிமே இந்த வீட்ல நாலு பேர்தான்" என்றாரே. அம்மா எவ்வளவோ கெஞ்சினாள். "சொன்னது சொன்னதுதான்" என்று எழுந்து போய்விட்டார்.

பிறகு கடைக்காரர், யாருக்காவது ஏதாவது சாப்பாடு ஒத்துக்கொள்ளாதா என்று கேட்டார். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்பா மிக்ஸி பிளக்கைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே, "வேர்க்கடலை ஆகாது. அந்த எண்ணெய்கூட ஆகாதுன்னு சொல்லு" என்றார்.

அக்கா, இந்த வீட்டில் வேர்க்கடலை யாருக்கு ஆகாது?

போனில் அந்த ஆள் விடவில்லை. "யாருக்கு சார், சின்னவங்களுக்கா பெரியவங்களுக்கா?" என்றார். குழந்தையா வயதானவர்களா என்று கேட்டிருக்கிறார், பாவம். அப்பா சொன்னார்: "பெரியவளுக்கு."

"சரி சார், ஒரு தட்டு தனியா செஞ்சிடறோம்" என்று அவர் வைத்துவிட்டார்.

இரண்டு வருடமாக அந்த வார்த்தை இந்த வீட்டில் இல்லை. என்னை மட்டும் சின்னவளே என்றுதான் கூப்பிடுவார். பெரியவள் இல்லாமல் நான் எப்படிச் சின்னவள் என்று யாரும் கேட்டதில்லை. அன்றைக்குப் போனை வைத்த பிறகும் இறுகிப்போன திருகாணியை அப்பா திருகிக்கொண்டே இருந்தார். "குக்கர் எத்தனை விசில் வந்துச்சு?" என்று அம்மா என்னைக் கேட்டாள். அடுப்பில் குக்கரே இல்லை.

மறுநாள் அப்பா ஷூ மாட்டும்போது, கடைக்குப் போன் செய்து வேர்க்கடலை விஷயத்தை மாற்றிவிடட்டுமா என்று கேட்டேன். "எதுக்கு? சொன்னது சொன்னதுதான்" என்று போய்விட்டார்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. நாலு பேர் என்றதும் பெரியவள் என்றதும், இரண்டு சொல்லும் அவருடையதுதான். எது நிற்கும்? பெரியவள் என்றது வெறும் பழக்கத்தில் வாய் தவறி வந்திருந்தால், நான் உன்னைக் கூப்பிட்டு, நீ வந்து நின்று, அவர் எழுந்து வெளியே போய்விட்டால், அம்மாவுடைய ஒரே ஒரு நாள் பாழாகிவிடும். அதற்குக் காரணம் நானாக இருப்பேன். கூப்பிடாமல் இருந்தால், அந்தத் தட்டு வரும். யார் முன்னால் வைப்பது என்று கடைக்காரர் கேட்பார். அப்போது அப்பா முகத்தை என்னால் பார்க்க முடியாது. சின்ன வயதில் வேர்க்கடலை தின்று உனக்கு முகம் வீங்கியபோது ஒரு கால் செருப்போடு உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடினாராமே, அந்த முகம்தான் அன்றைக்கும் இருக்கும் என்று தோன்றுகிறது.

அதனால்தான் எழுதுகிறேன். மாலை ஆறரை மணி. உன் வீட்டுக்காரரையும் கூட்டி வா என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. வேண்டாம் என்று சொல்ல மனசுமில்லை. அவரை நான் என்னவென்று கூப்பிட வேண்டும், மாமா என்றா? அதை மட்டுமாவது சொல்லி அனுப்பு.

அண்ணன் புரள்கிறான். முடிக்கிறேன். அக்கா, நாற்காலி நாலுதான் சொல்லியிருக்கிறோம். நான் கதவைப் பார்த்த பக்கம், ஓரமாக, பாதி நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். மீதிப் பாதி உன்னுடையது.

எப்போதும் உன்,
சின்னவள்