பெரிய ரயிலா, சின்ன ரயிலா

வேங்கிக்கால்,
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் தென்றலுக்கு அம்மா எழுதுவது. அண்ணாமலையார் புண்ணியத்தில் நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அந்த ஜெர்மனிக் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிக்காதே. வீட்டில் உள்ள ஒரே போன் உங்கப்பா சட்டைப்பையை விட்டு இறங்குவதில்லை, நான் பேசினாலும் பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எதிர்வீட்டு வேணு மகள் அபிநயா படிக்க உங்கள் ஊருக்கே வருகிறாள், பருப்புப்பொடியோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன்.

"பொம்மை ரயில் செட்டு அனுப்பறேன், எந்த அளவு வேணும்னு சொல்லுப்பா" என்று நீ கேட்டாலும் கேட்டாய், இங்கே என் உயிர் போகிறது. ரிட்டயர் ஆன மனுஷனுக்குப் பொழுது போகட்டும் என்றுதான் நானும் சும்மா இருந்தேன். பெரியதற்கு எச்.ஓ. என்று பெயராம், நிஜ ரயிலில் எண்பத்தேழில் ஒரு பங்கு, சின்னது நூற்று அறுபதில் ஒரு பங்கு. காலையில் பெரியது என்பார், சாயங்காலம் சின்னது என்பார். பெரியதென்றால் மாடி அறையில் உன் கட்டிலை எடுத்துவிட வேண்டும். சின்னதென்றால் பலகையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம், ஆனால் புரை ஆபரேஷன் செய்த கண்ணுக்குச் சக்கரம் தண்டவாளத்தில் ஏறியதா இல்லையா என்றே தெரியாதாம். இரண்டையும் வரைந்து பார்க்கிறேன் என்று என் கோலமாவை எடுத்துப்போய் அறை முழுக்கத் தண்டவாளம் போட்டார். அது நான் அரைத்து வைத்த பச்சரிசி மாவு. மறுநாள் எறும்புதான் அந்த வளைவெல்லாம் ஓடியது. நான் துடைப்பத்தை எடுத்தால் "ஏய் தனம், லைன் அழிஞ்சிடும்" என்று கத்துகிறார்.

போதாததற்கு இந்த டிஜிட்டல் கன்ட்ரோல் வேறு. சாதாரண கன்ட்ரோலில் கரண்ட் கொடுத்தால் தண்டவாளத்தில் நிற்கிற எஞ்சின் எல்லாம் சேர்ந்து ஓடுமாம், டிஜிட்டலில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பராம், கூப்பிட்டது மட்டும் ஓடுமாம், ஒன்று இப்படியும் ஒன்று அப்படியும் விடலாமாம். நீ சொன்னதை அப்படியே என்னிடம் ஒப்பிக்கிறார். ஆனால் நடுவில் நம் மலையைச் செய்து வைக்கப் போவதால் எல்லா ரயிலும் கிரிவலம் போகிற திசையில்தான் போக வேண்டுமாம், எதிர்த்திசையில் விட்டால் பாவமாம். பிறகு எதற்கு அந்த வசதி என்று கேட்டால் முறைக்கிறார். நீ கூப்பிட்டால் மட்டும் ஓடுகிற எஞ்சின் இவர்தான். ரேஷன் கடைக்குப் போகச் சொல்லி நான் தொண்டை கிழியக் கத்தினாலும் அசைவதில்லை, உன் போன் அடித்தால் மாடிக்கு ஓடுகிறார். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமைதான் கூப்பிடுவாய், இப்போது தினமும் ரயில் பேச்சு, கடைசியில் "அம்மாவ கேட்டதா சொல்லுப்பா" என்று எனக்கு ஒரு வரி. எனக்குக் கோபம்தான், மறைக்க மாட்டேன்.

செவ்வாய்க்கிழமை கார்பென்டர் சரவணகுமார் வாசலில் வந்து நின்று, "அக்கா, சார் சொன்ன பெரிய பலகைய எப்பவோ அறுத்து வச்சிட்டேன், எடுத்துக்கவே மாட்றாரு, பட்டறையில எடத்த அடைக்குது" என்றான். எச்.ஓ.வுக்கு ஆகிற பலகை. எனக்கு வந்ததே ஆத்திரம். எப்போதோ முடிவு செய்துவிட்டு எதற்கு இந்த நாடகம் என்று உங்கப்பாவைப் பிடித்துக்கொண்டேன். பலகை இன்னும் காயணும் என்று மழுப்பினார், கண்ணாடியைத் துடைத்தார், பிறகு, "சொல்லிட்டா புள்ள வாங்கி அனுப்பிடும். அப்புறம் எதுக்கு தினமும் போன் பண்ணப் போவுது" என்றார். அதற்கு மேல் நான் என்னத்தைத் திட்டுவது.

அதனால் எச்.ஓ., டிஜிட்டல். உனக்கு மட்டும் சொல்கிறேன், தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே, பெரியதா சின்னதா என்று கேட்டுக்கொண்டே இரு. தீபத்துக்கு வரும்போது கையோடு கொண்டுவா. உன் கட்டிலைக் கீழே என் அறையில் போட்டு வைக்கிறேன். வெளியே போனால் காதைக் கட்டிக்கொள், வேளைக்குச் சாப்பிடு. அண்ணாமலையார் உன் கூடவே இருக்கட்டும்.

ஒன்றை மறக்காதே. இனி போன் செய்தால் என்னையும் கூப்பிடச் சொல். சாம்பாருக்கு எவ்வளவு புளி என்றாவது கேள். நானும் அவ்வளவு சீக்கிரம் சொல்லிவிட மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
தனம்