முசிறிக்கு வந்த இரண்டாவது லாரி

ஜூன் 10, செவ்வாய்
காலையிலேயே வெயில். ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் மன்னார்புரம் ஆபீஸ் வருவதற்குள் தலைவலி.
உட்கார்ந்ததும் போன். முசிறி வாழைத்தார் மண்டி செல்வராசு. லாரி புக் செய்ய நாங்கள் எழுதிக்கொடுத்த ஆப்தான் அவருக்கு.
"ஒரு லாரி கேட்டா ரெண்டு வந்து நிக்குதுங்க. ரெண்டாவது டிரைவர் சண்டைக்கு வர்றாரு. இன்னொரு தடவை இப்படின்னா ஆப்பே வேணாங்க, பழையபடி போன்லயே சொல்லிக்கிறோம்."
விவரத்தைக் குறித்துக்கொண்டேன்.
வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் பதிவு செய்ய மறதி.

ஜூன் 11, புதன்
தூறல். பிரச்சினை எங்கள் புரோகிராமர் ஜெசிந்தாவிடம் போனது. பிரசவ லீவு முடிந்து இப்போதுதான் வந்திருக்கிறாள். சாயங்காலத்துக்குள் பிடித்துவிட்டாள்!
லாரி கம்பெனி சர்வரோடு திறந்த இணைப்பை நம் புரோகிராம் மூடுவதில்லை. அடுத்த புக்கிங்குக்கும் அதுவேதான். வேகத்துக்காக. கொஞ்ச நேரம் சும்மா கிடந்தால் அவர்கள் பக்கம் மூடிவிடுகிறார்கள். நமக்குத் தெரிவதில்லை. அதிலேயே புக்கிங்கை அனுப்பி, பிழை வந்ததும் மறுபடி அனுப்புகிறோம். சில சமயம், அவர்கள் மூடுகிற அதே நொடியில், முதலில் அனுப்பியதும் போய்ச் சேர்ந்திருக்கும். இரண்டு லாரி.

ஜூன் 12, வியாழன்
முதலாளி முரளி சாருக்கு அவசரம். "ஒவ்வொரு தடவையும் புதுசா திறந்துக்கலாமேம்மா. இன்னைக்கே முடிச்சிரு."
ஜெ.: "மெதுவாயிடும் சார். புது இணைப்பும் நடுவுல அறுந்தா இதே கதைதான். நாளைக்குத் தரேன்."
குரல் உயரவே இல்லை. நானாக இருந்தால் தலையாட்டியிருப்பேன்.

ஜூன் 13, வெள்ளி
லாரி கம்பெனி ஆளிடம் அவளே பேசினாள். இனி ஒவ்வொரு புக்கிங்குக்கும் தனி எண். அதே எண் மறுபடி வந்தால் அவர்கள் புது லாரி அனுப்ப மாட்டார்கள். சும்மா கிடக்கும் இணைப்பை அவர்கள் மூடும் முன்பே நாம் மூடிவிடுவோம். ஆளுக்கொரு இடத்தில் இணைப்பு திறந்துகொண்டிருந்த புரோகிராம் வரிகளெல்லாம் போய், எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே இடம். எழுதியதைவிட அழித்ததுதான் அதிகம். என்ன சுத்தம்!
மதியம் சோதனை. ஜெ.: "நான் இணைப்ப அறுத்துக்கிட்டே இருக்கேன்கா, நீங்க புக்கிங்க எண்ணுங்க." எத்தனை முறை அறுத்தும் ஒன்றுதான். சிரித்துவிட்டோம்.

ஜூன் 16, திங்கள்
மேகமூட்டம். கேஸ் வந்தது.
செல்வராசு போன். "ஒரு லாரிதாங்க வந்துச்சு. யாருங்க சரி பண்ணுனது?"
ஜெ.யிடம் கொடுத்தேன். அவள் கேட்டது: "தாரெல்லாம் வாடாம ஏத்தியாச்சாங்க?"
இத்தனை நாளில் எனக்கு அதைக் கேட்கத் தோன்றியதே இல்லை.