பாதி விலை என்று சொன்ன குரல்

பிப்ரவரி 9
பேருந்து நிலையத்தில் வழக்கமான நாள். அறிவிப்பு அறையில் மின்விசிறி மட்டும் மக்கர் செய்தது. வடக்கே போகும் வண்டி ஆறாம் நடைமேடைக்கு மாறியது. நான் மைக்கில் சொன்னதும் மொத்தக் கூட்டமும் மூட்டை முடிச்சோடு நகர்ந்தது. இத்தனை வருடமாகப் பார்த்தும் இது எனக்கு அலுக்கவில்லை.

மாலையில் கட்சிக்காரர் ஒருவர் தேடி வந்தார். பிரசார வண்டிக்கு என் குரல் வேண்டுமாம். "கத்தறதுக்கு எங்ககிட்ட ஆயிரம் பேர் இருக்காங்க மேடம். நீங்க பஸ் வருதுன்னா பஸ் வருது. அந்தக் குரல்தான் வேணும்." எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிப்ரவரி 12
பதிவு முடிந்தது. "ஆட்சிக்கு வந்த முதல் மாதமே பெட்ரோல் பாதி விலை." உற்சாகமாகச் சொன்னேன். "அப்படி வேணாம், பஸ் ஸ்டாண்டுல சொல்ற மாதிரியே சொல்லுங்க" என்றார் கட்சிக்காரர். சொன்னேன்.

கிளம்பும்போது கேட்டேன்: "நிஜமா குறைப்பாங்களா?"

"முதல்ல ஜெயிப்போம் மேடம்" என்று சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

பிப்ரவரி 20
பிரசார வண்டியில் என் குரல் எங்கள் தெருவுக்கே வந்துவிட்டது. காரைத் துடைத்துக்கொண்டிருந்த தம்பி ஈரத்துணியை வீசி ஒரு ஆட்டம் போட்டான். வாடகைக் கார் ஓட்டுகிறவன். பெட்ரோல் போட்டது போக வீட்டுக்கு அவன் கொண்டுவருவது களைப்பு மட்டும்தான்.

மார்ச் 2
தம்பியைத் தொழிற்சாலை வேன் ஓட்டக் கூப்பிட்டிருந்தார்களாம். மாதச் சம்பளம். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான்!

"பாதி விலைக்குப் பெட்ரோல் வந்தா நான் எதுக்குக்கா அடுத்தவன் வண்டிய ஓட்டணும்? நீயே சொல்லிட்ட."

டேய், அது எழுதிக் குடுத்ததைப் படிச்சதுடா — ஒரே வரி. சொல்லியிருந்தால் நாளைக் காலையே போய் அந்த வேலையைக் கேட்பான். சொல்லவில்லை. ஊருக்கெல்லாம் அறிவிக்கிற வாய்க்கு அப்போது என்ன வந்தது?

மார்ச் 3
இன்றும் சொல்லவில்லை.

ஏப்ரல் 18
ஜெயித்துவிட்டார்கள். தம்பி இனிப்போடு வந்தான். ஒன்றை என் வாயிலும் திணித்தான். விழுங்கித் தொலைத்தேன்.

ஜூன் 5
பதவியேற்று முதல் மாதம் முடிந்தது. பெட்ரோல் விலை ஏறியிருக்கிறது. உலகச் சந்தை சரியில்லையாம், முந்தைய ஆட்சி செய்த பாவமாம்.

தம்பி தொழிற்சாலைக்குப் போய்க் கேட்டிருக்கிறான். வேறு ஆள் போட்டாயிற்று. வீட்டுக்கு வந்து என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டான். திட்டேன்டா! ஏன் திட்ட மாட்டேங்கற?

ஜூன் 19
நடைமேடை மாற்றம் அறிவித்தேன். ஒருவரும் அசையவில்லை. திரும்பவும் சொன்னேன். "பாதி விலை அக்காடா இது! இவங்க சொல்லி நம்பறதா?" என்று ஒருவன் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். கைக்குழந்தையோடு நின்ற பெண்ணும் சிரித்தாள்.

வண்டி நான் சொன்ன இடத்தில்தான் வந்து நின்றது. கிளம்பும்போதுதான் கவனித்து ஓடினார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவளால் ஓட முடியவில்லை. மேலே அறிவிப்பு அறைக் கண்ணாடிக்குப் பின்னால் நான் தலையைக் குனிந்துகொண்டேன். வெட்கமாக இருக்கிறது. வேறு எப்படி எழுதுவது?

ஜூன் 20
இனி மைக்கில் சொல்லிவிட்டு, கீழே இறங்கிப் போயும் சொல்வது என்று ஆரம்பித்திருக்கிறேன். "மைக் ரிப்பேரா?" என்று மேலாளர் கேட்டார். ஆமாம் என்றேன்.

ஜூலை 8
தம்பி காரை விற்றுவிட்டான். வெளியூரில் யாருடைய லாரியையோ ஓட்டப் போகிறான். காலையில் பையை எடுத்துக்கொண்டு தனியாகவே கிளம்பினான்.

அவன் போகும் வண்டி இரண்டாம் நடைமேடைக்கு மாறியது. மைக்கில் சொன்னேன், கூட்டம் நின்றது நின்றபடி. படியில் ஓடி இறங்கி, ஆள் ஆளாகச் சொல்லிக்கொண்டே அவனைத் தேடினேன். காணோம். இரண்டாம் நடைமேடையில், காலி பஸ்ஸில், அவன் ஒருத்தன் மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான்.

"எப்படா வந்த?"

"நீ சொன்னதுமே வந்துட்டேன்."

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "டேய்... அன்னைக்கு அது, எழுதிக் குடுத்ததைப் படிச்சேன்டா."

"தெரியும்க்கா."

"எப்பத்திலேர்ந்து?"

"மாசக்கணக்கா என் மூஞ்சியப் பாத்துப் பேசறியா நீ?"

நிமிர்ந்து பார்த்தேன். அதற்குள் ஆட்கள் ஏறத் தொடங்கிவிட்டார்கள். நான் மேலே போய், அவன் வண்டி புறப்படுவதை அறிவிக்க வேண்டியிருந்தது.