காவல் நாற்காலி

திருவனந்தபுரம்
ஞாயிற்றுக்கிழமை

இசக்கிப்பாண்டிக்கு, அக்கா செல்வமணி எழுதுவது.

அன்புள்ள என்று போடக் கை வரவில்லை, போடவில்லை. நலமா என்றும் கேட்கவில்லை. வேளாவேளைக்கு சர்க்கார் சோறு, உனக்கென்ன கேடு. போன செவ்வாய்க்கிழமை ஹோட்டலில் லீவு சொல்லிவிட்டு வந்து, ஜெயில் வாசலில் மழையில் நின்றேன். அவளைப் பார்க்க மாட்டேன் என்று உள்ளே இருந்தே சொல்லி அனுப்பிவிட்டாய். முகத்தைப் பார்க்காவிட்டால் போ, எழுத்தைப் பார். உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். கூட்டியே வாசி, அங்கே உனக்கு வேறு என்ன வேலை.

அம்மாவிடம் நீ சொல்லி அனுப்பியது வந்து சேர்ந்தது. வீடு அக்கா பேரில்தானே இருக்கிறது, வீட்டு வரி கட்டின கர ரசீதை எடுத்துக்கொண்டு ஜாமீனுக்கு வரச் சொல், வராவிட்டால் வெளியே வந்ததும் அவளைப் பார்த்துக்கொள்கிறேன் என்றாயாம். நல்லா இருக்குடா! ஜாமீனும் நான் தரவேண்டும், மிரட்டலும் நான் வாங்கவேண்டும். பதிலைக் கேட்டுக்கொள். நீ இப்போது இருக்கிற இருப்புக்கு நான் வரமாட்டேன். அம்மா அழுதாலும் வரமாட்டேன், ஊரிலிருந்து மாமா வந்து குதித்தாலும் வரமாட்டேன்.

அம்மா தினமும் பழவங்காடிக்குப் போய், நீ சீக்கிரம் வெளியே வர வேண்டும் என்று தேங்காய் உடைக்கிறாள். வெள்ளிக்கிழமை நானும் கூடப் போனேன். நீ இப்போதைக்கு வரவே கூடாது என்று நானும் ஒன்று உடைத்தேன். பிள்ளையார்தான் பாவம். அம்மாவுக்குக் கால் வீக்கம் குறையவில்லை. என் கையால் தண்ணீர்கூட வாங்க மாட்டேன் என்று தனி அடுப்பு வைத்திருக்கிறாள். ஆனால் அடுப்பு மூட்டுகிற தீப்பெட்டி என்னுடையதுதான்.

கூடப் பிறந்தவளே போலீஸிடம் பிடித்துக் கொடுத்தாள் என்று அங்கே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறாயாம். முழுக்கதையையும் சொல்லு. நீ சொல்ல மாட்டாய், நான் சொல்கிறேன்.

டிரான்ஸ்பார்மர் பக்கத்து மதிலோரம் போதைச் சாமான் விற்பனை ஆரம்பித்தபோது அசோசியேஷன் கூட்டம் போட்டார்கள் இல்லையா? செக்ரட்டரி ஜெயந்த் சார் எஸ்.ஐ. வினய் சார் முன்னாலேயே, நம் தமிழ் ஆட்கள் லைனைக் காட்டி, இது அந்தப் பாண்டி லைன்காரர்கள் பணிதான், வேற ஆரு என்றார். நம் லைன் முழுக்கத் தலை குனிந்து உட்கார்ந்திருந்தது. நான்தான் எழுந்து, எங்கள் லைனில் ஒரு வீட்டிலும் அந்தச் சாமான் கிடையாது, இருந்தால் நானே கொண்டு வந்து கொடுப்பேன் சாரே என்று சொன்னேன். நீ என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாய். கைகூடத் தட்டினாய்.

எஸ்.ஐ. சொன்னார், நாங்கள் ஜீப்பில் வந்தால் விற்கிறவன் ஓடுவான், போனால் வருவான், அவனுக்கு வேண்டியது ஆளில்லாத இடம், அதை மட்டும் கொடுக்காதீர்கள் என்று. அப்படித்தான் மதிலோரம் சிவப்பு நாற்காலி வந்தது. விளக்கு வைக்கிற நேரம் தொட்டு, வீட்டுக்கு ஒரு ஆள் முறைபோட்டு உட்காருவது. தெரியாத முகம் வந்தால், ஆரைக் காணணும் என்று கேட்பது. அவ்வளவுதான் காவல். உட்காருகிற ஆளுக்கு ஸ்டேஷனில் இருந்து பச்சை ஜாக்கெட் கொடுத்தார்கள், மினுமினுவென்று பட்டை போட்டது. அந்த நேரத்தில் எல்லோருக்கும் அடுப்பு வேலை, பிள்ளைகள் பாடம். என் முறையை நான் பார்க்கிறேன், உங்கள் முறையையும் நானே பார்க்கிறேன் என்று நீ முன்னால் வந்தாய். எங்களுக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. ஜாக்கெட் நம் வீட்டு ஆணியிலேயே தொங்க ஆரம்பித்தது.

பாண்டி உட்கார்ந்தால் ஒருத்தனும் நாற்காலியைத் தாண்டி உள்ளே வருவதில்லை என்று ஊரே புகழ்ந்தது. ஓணம் விழாவில் எஸ்.ஐ. கையால் உனக்குப் பொன்னாடை. ஜெயந்த் சார் என்னிடம் வந்து, உன் தம்பி மிடுக்கன் என்றார். அன்றைக்கு நான் தரையில் நடக்கவில்லைடா. ஏன் ஒருத்தனும் தாண்டி வருவதில்லை என்று ஒரு மண்டைக்கும் உறைக்கவில்லை. தேடி வந்த சாமான் நாற்காலியிலேயே கிடைத்துவிட்டால் அவன் எதற்குத் தாண்டி வரவேண்டும்?

எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டாயாம். உனக்கு வடை கொண்டு வந்த அன்று ஸ்கூட்டரில் இரண்டு பையன்கள் வந்தார்கள். நீ எழுந்து, இங்க ஆருமில்ல, போ போ என்று கத்தி, வண்டியைத் தட்டித் திருப்பி விட்டாய். திரும்பிப் போனவன் சிரித்துக்கொண்டே போனான். திட்டு வாங்கினவன் எதற்கடா சிரிக்கிறான்? அது எனக்குச் செரிக்கவில்லை. மறுநாள் ஜாக்கெட்டைத் துவைக்க எடுத்தேன், பையில் கைவிட்டேன். குட்டிக் குட்டி ஜிப் கவர், உள்ளே கல்லுப்பு மாதிரி. நான் ஹோட்டலில் உப்பு அள்ளுகிறவள், அது உப்பில்லை என்று பார்த்ததும் தெரியும்.

அதற்கு முந்தின வாரம்தான் சரோஜம் சேச்சி மகள் ஷிஜா குளியலறையில் விழுந்து கிடந்தாள். கதவை உடைத்து எடுத்தார்கள். நீயும்தானே ஓடி வந்தாய், நீதானே ஆட்டோ பிடித்தாய்! சரோஜம் சேச்சி தினமும் உனக்குக் கட்டன் சாயா கொண்டு வந்து நாற்காலியில் கொடுத்தாள். அவள் மகள் உன்னை அண்ணா என்றுதான் கூப்பிட்டாள். அந்தப் பெண்ணுக்கு நீ கொடுத்திருக்கிறாய். உன் கை அழுகிப் போகும் என்று எழுத வந்தேன், அம்மா காதில் விழுந்தால் செத்துப் போவாள் என்று விடுகிறேன். ஷிஜா இப்போது போதை மீட்பு மையத்தில் இருக்கிறாள். யாரையும் முகம் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

கவர்களை இருந்த மாதிரியே வைத்து, ஜாக்கெட்டைத் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டு ஸ்டேஷனுக்குப் போனேன். சாயங்காலம் நீ எடுத்துப் போடும்போது, அக்கா துவைக்கலையா என்று கேட்டாய். குழாயில் தண்ணி வரலை என்றேன். நீ சரி என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனாய். அடுப்பில் குழம்பு தீய்ந்தது, நான் இறக்கவில்லை. ஜீப் வந்த சத்தம் கேட்கிறவரைக்கும் அங்கேயே நின்றேன்.

வீட்டுக்குள் வைத்து நாலு அறை அறைந்து திருத்தியிருக்கலாமே என்று மாமா கேட்டார். பத்தாவதில் சிகரெட் பிடித்தபோது அறைந்தேன், திருந்தினாயா? நம் லைனில் இப்போது என்னோடு யாரும் பேசுவதில்லை. குழாயடியில் நான் போனால் குடத்தை நகர்த்துகிறார்கள். அந்தப் பக்கம் ஜெயந்த் சார், ஞான் அப்பொழே பறஞ்ஞதல்லே, அப்போதே சொன்னேனே என்று எல்லோரிடமும் சொல்கிறார். உனக்குப் போட்ட பொன்னாடை அவர் காசில் வாங்கியதுதான், அதை ஞாபகப்படுத்தினேன், முகம் கறுத்துப் போனார். நம் ஆட்கள் வாயைத் திறக்க முடியாதபடி செய்துவிட்டாயடா பாவி. இனி எந்த வீட்டில் ஒரு தேங்காய் களவு போனாலும் போலீஸ் முதலில் தட்டுவது நம் கதவைத்தான்.

நீ போனபின் நாற்காலி காலியாகக் கிடந்தது. அதில் உட்கார எல்லோருக்கும் அருவருப்பு. இரண்டாம் நாளே அந்த ஸ்கூட்டர்கள் வந்து நின்றன. இப்போது நான் உட்காருகிறேன். ஹோட்டலில் காலை ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டேன். சரோஜம் சேச்சியும் ஸ்டூல் கொண்டு வந்து தள்ளிப் போட்டு உட்காருகிறாள். என்னிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை. கட்டன் சாயாவும் கிடையாது.

இனி எழுதப்போவதை இரண்டு தடவை வாசி.

வியாழக்கிழமை ஒரு ஆள் பழப்பையோடு அம்மாவைப் பார்க்க வந்தான். அம்ம பேடிக்கண்டா, பயப்படாதீங்க, ஜாமீனுக்கு ஆளை நான் கொண்டு வரேன், வக்கீலும் என் ஆளுதான் என்றான். அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டு தெய்வமே என்று அழுதாள். கழக்கூட்டம் பைபாஸில் கார் வாடகைக்கு விடுகிற சிபிதான் அவன். நீ சாப்பாடு டெலிவரி ஓட்டப் போய்ப் பழகினாயே, அதே சிபி. அவன் ஜாமீனில் நீ வெளியே வந்தால், சாகிறவரைக்கும் அவன் நாய் நீ. அடுத்த தடவை நாற்காலியில் உட்கார்ந்து விற்கச் சொல்ல மாட்டான், பெங்களூரில் இருந்து மூட்டையாகக் கொண்டு வரச் சொல்வான். பிடிபட்டால் பத்து வருஷத்துக்கு வெளியே பார்க்க முடியாது. அதுவரைக்கும் அம்மா இருக்க மாட்டாள்.

பழம் கொண்டு வந்தான் என்று நான் சொல்வதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, உன் தம்பி வாய் திறக்கணும் என்கிறார் எஸ்.ஐ. நீ ஏன் திறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். சிபி பேரைச் சொன்னவன் என்று தெரிந்தால் உள்ளேயே ஆளை வைத்து உன்னை முடிப்பார்கள் என்று பயப்படுகிறாய். பயம் நியாயம்தான்.

அதனால்தான் இந்தக் கடிதம். கடிதத்தைப் பிரித்து வாசித்துவிட்டுத்தான் உன்னிடம் கொடுப்பார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். வாசிக்கட்டும். தமிழ் தெரியாதவர் கையில் கிடைத்தால் என்ன செய்ய என்று, அவன் பேரையும் ஊரையும் கடைசிப் பக்கத்தில் மலையாளத்திலும் பெரிசாக எழுதியிருக்கிறேன். பேரைச் சொன்னது இனி நீ இல்லை, நான். எவன் கேட்டாலும் அக்கா எழுதிவிட்டாள், எனக்கொன்றும் தெரியாது என்று சொல். எந்த அக்கா, எங்கே இருப்பாள் என்று கேட்டால் அதையும் சொல்லிவிடு. விளக்கு வைக்கிற நேரத்தில் டிரான்ஸ்பார்மர் பக்கம், சிவப்பு நாற்காலியில்.

சிபியின் ஜாமீன் வேண்டாம் என்று கோர்ட்டில் நின்று உன் வாயால் சொல். மிச்சத்தை எஸ்.ஐ.யிடம் சொல். சொன்ன அன்றைக்கே ரசீதை எடுத்துக்கொண்டு நான் வருகிறேன். வந்தபின் என்னைப் பார்த்துக்கொள்வதாக இருந்தால் தாராளமாகப் பார்த்துக்கொள். ஆனால் முதலில் சரோஜம் சேச்சி வாசலில் போய் நின்றுவிட்டு வா.

இசக்கியம்மன் உனக்குப் புத்தி கொடுக்கட்டும். ராத்திரி சோற்றை மிச்சம் வைக்காதே, உனக்கு வயிறு எரியும்.

இப்படிக்கு,
உன்னைப் பிடித்துக் கொடுத்தவள்,
செல்வமணி