ஒண்ணுமில்லீங்கய்யா

கீழ்பென்னாத்தூர், வெள்ளிக்கிழமை

அன்புள்ள மகன் முருகையனுக்கு, அம்மா உயிரோடு இருக்கிறேன், சார்ஜாவில் நீயும் மருமகளும் பேத்தி ஆர்த்தியும் சுகமாக இருக்க அண்ணாமலையார் துணை. போனில் சொன்னால் டூட்டியில இருக்கேம்மா என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன். உன் தம்பி அர்ஜுனனுக்குத் தூக்கு என்று சொன்ன அன்றைக்குக் கோர்ட்டில் இருந்தவர்கள் ஒருவரையும் நான் மறக்கவில்லை. ஜட்ஜ் ஐயா, அர்ஜுனன், அவனோடு நின்ற லாரிக்காரர் மகன் வல்லரசு, வல்லரசின் அப்பன், அவன் மெட்ராசிலிருந்து கூட்டிவந்த வக்கீல், நமக்கு கவர்மெண்டு கொடுத்த வக்கீல், செத்தவரின் மகள் சரசு, நான். நீ இல்லை.

இரண்டு பேரும் சேர்ந்து செய்த பாவம்தான், ஒரே பூட்டை உடைத்து ஒரே கிழவரைக் கொன்றார்கள், நான் மறைக்கவில்லை, சரசு முகத்தை இன்றுவரை என்னால் பார்க்க முடியவில்லை. ஆனால் வல்லரசுக்காக அந்த வக்கீல் ஒரு மணி நேரம் பேசினார், மார்க் ஷீட்டு, டாக்டர் சீட்டு எல்லாம் காட்டினார், அவனுக்கு ஆயுள். நம் வக்கீல் கருணை காட்டணும் என்று ஒரே வரி சொல்லி உட்கார்ந்துவிட்டார், அவர் சட்டைப் பையில் நீல மை கசிந்திருந்ததுகூட என் கண்ணிலேயே நிற்கிறது.

போன வாரம் காலேஜிலிருந்து கவியா என்று ஒரு பெண் ஃபாரத்தோடு வந்தாள், யாருக்குத் தூக்கு விழுகிறது என்று ஆராய்ச்சியாம். நிலம் எவ்வளவு, என்ன சாதி, வக்கீல் எத்தனை தடவை வீட்டுக்கு வந்தார் என்று கேட்டாள். ஏம்மா, தூக்குக்கயிறு ரேஷன் கார்டைப் பாத்தா விழும்? என்றேன். அவள் சிரிக்கவில்லை. நான் போன வீடு பூரா உங்க வீடு மாதிரிதாங்க பாட்டி, மாடி வீடு ஒண்ணுகூட வரல என்றாள். அர்ஜுனன் ஏழாவதோடு ஏன் நின்றான் என்றாள். அண்ணன் பாலிடெக்னிக் படிக்க இவன் மல்லாட்டை மில்லில் மூட்டை தூக்கினான் என்றேன். இத ஜட்ஜ்கிட்ட சொன்னீங்களா பாட்டி என்றாள்.

ஜட்ஜ் ஐயா கேட்டாருடா. தண்டனையைப் பத்தி ஏதாவது சொல்லணுமாப்பா என்று அவனையே கேட்டார். அவன் திரும்பி என்னைப் பார்த்தான். பெரியவங்க முன்னாடி வாயத் தொறக்காதே, கையக் கட்டி நின்னா எரக்கப்படுவாங்க என்று சொல்லியே வளர்த்தவள் நான், வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். ஒண்ணுமில்லீங்கய்யா என்றான்.

ஐகோர்ட்டில் இன்னொரு தடவை பார்ப்பார்களாம், கூடப்பிறந்தவன் அந்த மூட்டைக் கதையை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரலாமாம். மாசி பிறப்பதற்குள் வா, லீவு இல்லை என்று சொல்லாதே. ஆர்த்திக்கு ஒரு குறையும் வராமல் நீங்கள் நூறு வயசு இருக்கணும். வல்லரசின் அப்பனை மன்னிப்பேன், அவன் பிள்ளைக்குத்தானே செய்தான். அந்த ஒரு வரி வக்கீலையும், அன்றைக்கு வராத உன்னையும் மன்னிப்பேன். ஒருத்தியை மட்டும் சாகும்வரை மன்னிக்க மாட்டேன்.

சந்திரம்மாள்