ஐந்து மணி இருபது நிமிடம்

நவம்பர் 18, திங்கள்

விடாத தூறல். சங்கராபுரத்திலிருந்து பஸ்ஸில் நின்றபடியே கள்ளக்குறிச்சி.

நாளைய கேஸ்: கோவிந்தன், 54, வெள்ளிமலை, ஜீப் ஓட்டுநர். இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாய்களில் நான்கு இடத்தில் அடைப்பு. இதயமும் பலவீனம். அதை நிறுத்தித்தான் தைக்க வேண்டும். அதுவரை ரத்தத்துக்கு ஆக்ஸிஜன் ஏற்றி உடம்பெல்லாம் ஓடவிடுவது என் பம்ப். கூட வேலை செய்பவர் விடுப்பு. நான் மட்டும்தான்.

"நர்கீஸ், நாளைக்கு ரொம்ப நேரம் இழுக்கும்," என்றார் சர்ஜன்.

"இழுக்கட்டும் சார்."

எடுத்துவைக்க: கூடுதல் ஆக்ஸிஜனேட்டர், வடிகட்டி, கரண்ட் போனால் கையால் சுற்றும் பிடி.

நவம்பர் 19, செவ்வாய்

9.10 பம்ப் ஓடியது. இதயம் நின்றது. அரை மணிக்கொரு தடவை ரத்தம் உறைகிறதா என்று சோதனை. எல்லாம் சரி. ரத்தக்குழாய்ச் சுவர் சுண்ணாம்பு மாதிரி கெட்டி, ஊசி இறங்கவில்லை. நான்கும் தைத்து முடிக்க மூன்று மணி நேரம்.

12.20 பம்பை நிறுத்தினேன். இதயம் துடித்தது. பிறகு சோர்ந்தது. பிரஷர் நாற்பது. நல்லவேளை, பம்ப் குழாய்களை இன்னும் எடுக்கவில்லை.

"திரும்பப் பம்புக்குப் போலாம், நர்கீஸ்!" என்றார் சர்ஜன்.

12.30 மீண்டும் பம்ப். இடையில் நான்கு நிமிடம் மூளைக்கு ரத்தம் கம்மி. மறைக்காமல் பம்ப் பதிவுத் தாளில் எழுதினேன்.

தைத்த குழாய் ஒன்று மடங்கியிருந்தது. புதிதாகத் தைத்தார். சிறுநீர் குறைந்தது; உடம்பில் சேர்ந்த நீரை வடிகட்டி வழியே எடுத்தேன். முழங்கால் விண்விண் என்றது. மயக்க டாக்டர் ஸ்டூலைத் தள்ளினார். உட்காரவில்லை. உட்கார்ந்தால் கண் அசரும்.

2.30 பம்ப் ஓட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். பாதி. கால். இதயம் தானாக இழுத்துக்கொண்டது.

2.40 பம்ப் நின்றது. இரண்டு ஓட்டத்தையும் தாளில் கூட்டிப் போட்டேன்: ஐந்து மணி இருபது நிமிடம்.

நவம்பர் 20, புதன்

கோவிந்தனுக்கு மயக்கம் தெளியவில்லை. சிறுநீர் வருகிறது. வாசலில் அவர் மனைவி மங்கை.

"டாக்டரம்மா, இன்னும் கண்ணு தொறக்கலியே?"

"நான் டாக்டர் இல்லைங்க. ஆபரேசன்ல அவரு மூச்சையும் ரத்தத்தையும் மிசின்ல பாத்துக்கினேன்."

அந்த நான்கு நிமிடத்தைச் சொல்லவில்லை. சர்ஜன்தான் சொல்ல வேண்டும். மதியம் போய் அவரைச் சொல்லச் சொல்லிக் கேட்டேன். கையோடு என்னையும் அழைத்துப் போய் மங்கையிடம் சொன்னார். மங்கை அழவில்லை. "முழிச்சிக்கட்டும். அப்பால பாத்துக்கலாம்."

நவம்பர் 21, வியாழன்

விழித்தார். மூச்சுக்காக வாயில் வைத்த குழாயை எடுத்தாயிற்று. மனைவியை யார் என்று தெரியவில்லை. கை கால் அசைகிறது. வூட்டுக்குப் போகவே மனமில்லை. சோறு இறங்கவில்லை. செவ்வாய்க்கிழமைத் தாளை மூன்று முறை படித்தேன். வேறெப்படியும் செய்திருக்க முடியாது. ஆனாலும்.

நவம்பர் 22, வெள்ளி

காலை ஏழு மணிக்கே ஐ.சி.யூ.வில் மங்கையின் குரல். ஓடினேன்.

"இந்தப் பொம்பள மூணு நாளா ஒண்ணும் துண்லீங்க," என்று நர்ஸிடம் புகார் சொல்லிக்கொண்டிருந்தார் கோவிந்தன். "மூஞ்சப் பாத்தாலே தெரியுது. ஏய் மங்க, இன்னா பாக்கற? போய்த் துண்ணுட்டு வா."

அவள் நகரவில்லை. நான்தான் கேன்டீனுக்குக் கூட்டிப்போனேன். நானும் நான்கு இட்லி.